முகத்தைப் பிடித்த கணக்கு வாத்தியார்

போட்டோ எடுத்துக்கொள்வது இன்று எவ்வளவு சுலபம்! கண் இமைக்கும் நேரம் அசையாமல் இருந்தால் போதும். முகம் படத்தில் விழுந்துவிடும்.

ஒரு காலத்தில் அப்படி இல்லை. கொளுத்தும் வெயிலில், பல நிமிட நேரம், சிலைபோல உட்கார்ந்திருக்க வேண்டும். தும்மினால் போச்சு. தலை அசைந்தால் போச்சு. படத்தில் முகத்துக்குப் பதிலாகப் புகை மண்டலம்தான் இருக்கும்!

இந்தக் கஷ்டத்துக்கு வழி கண்டுபிடித்தவர், ஒரு கணக்கு வாத்தியார். ஜோசப் பெட்ஸ்வால் என்பது அவர் பெயர்.

அவர் உலகத்துக்கு முகங்களைக் கொடுத்தார். உலகம் அவருக்கு என்ன கொடுத்தது? அதுதான் அவருடைய கதை.

பள்ளி ஆசிரியர் மகன்

பெட்ஸ்வால் 1807-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி பிறந்தார். ஊர், ஸ்பிஷ்ஸ்கா பெலா. அப்போது அது ஹங்கேரி ராஜ்யத்தில் இருந்தது. இப்போது ஸ்லோவாக்கியா நாட்டில் இருக்கிறது.

தகப்பனார் பள்ளி ஆசிரியர். மாதா கோவிலில் ஆர்கன் வாத்தியமும் வாசிப்பார். பணக்காரக் குடும்பம் அல்ல. ஆனால், படிப்புக்கும் பாட்டுக்கும் பஞ்சம் இல்லாத வீடு.

பையன் வளர்ந்து, பெஸ்ட் நகரத்துக்குப் போய் என்ஜினீயர் படிப்புப் படித்தான். பெஸ்ட் என்பது டான்யூப் நதிக் கரையில் உள்ள ஊர். பிற்காலத்தில், எதிர்க் கரையில் உள்ள புடா நகரத்துடன் சேர்ந்து "புடாபெஸ்ட்" என்று ஆயிற்று.

படிப்பு முடிந்ததும், என்ஜினீயர் வேலை கிடைத்தது. ஆற்று வெள்ளம் ஊருக்குள் வராமல் தடுப்பது எப்படி என்று திட்டம் போடும் வேலை. பகலில் உத்தியோகம். மற்ற நேரத்தில் கணிதம். 1832-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

1837-ல் அவரை வியன்னா நகரம் அழைத்தது. ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் தலைநகரம் அது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பெட்ஸ்வால் கணிதப் பேராசிரியர் ஆனார். அப்போது அவருக்கு வயது 30.

பாரிசில் ஓர் அதிசயம்

1839-ம் ஆண்டு பாரிஸ் நகரில் ஓர் அதிசயம் வெளியாயிற்று. டாகர் என்பவர், வெள்ளி பூசிய செம்புத் தகட்டில் படம் பிடிக்கும் முறையைக் கண்டுபிடித்திருந்தார். கட்டிடம், பாலம், தெரு எல்லாம் அச்சாக அப்படியே தகட்டில் விழுந்தன.

ஆனால், மனிதர்களைப் படம் எடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கட்டிடம் அசையாது. மனிதன் அசையாமல் இருப்பானா?

எட்டிங்ஸ்ஹவுசன் என்ற பேராசிரியர் இதைப் பாரிசில் கண்டு வந்தார். பெட்ஸ்வாலைப் பார்த்து, மனித முகத்தைச் சீக்கிரம் பிடிக்கும்படியான லென்ஸ் ஒன்றைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கவேண்டும் என்று தூண்டினார்.

ஜன்னலும் வெளிச்சமும்

லென்ஸ் என்பது காமிராவின் ஜன்னல். ஜன்னல் சின்னதாக இருந்தால், வீட்டுக்குள் வெளிச்சம் குறைவு. பெரிதாக இருந்தால், வெளிச்சம் அதிகம். வெளிச்சம் அதிகமானால், படம் சீக்கிரம் விழும்.

அப்படியானால், ஜன்னலைப் பெரிதாக்க வேண்டியதுதானே?

அங்கேதான் சிக்கல்! பெரிய லென்சில், ஓரத்தில் நுழையும் ஒளியும் நடுவில் நுழையும் ஒளியும் ஒரே இடத்தில் வந்து சேருவதில்லை. படம் கலங்கிவிடும். அதனால், அந்தக் காலத்து லென்சின் முன்னால் ஒரு தகட்டை வைத்து, சிறு துவாரத்தின் வழியாக மட்டும் ஒளியை உள்ளே விட்டார்கள். படம் தெளிவாக இருந்தது. ஆனால், நேரம் பிடித்தது.

லென்ஸ் செய்பவர்கள் கண்ணாடியை அரைத்துப் பார்ப்பார்கள். சரிப்படாவிட்டால் வேறு மாதிரி அரைத்துப் பார்ப்பார்கள். பெட்ஸ்வால் கண்ணாடியைத் தொடவில்லை. காகிதத்தையும் பேனாவையும் எடுத்தார். ஒளிக்கதிர் ஒவ்வொரு கண்ணாடியிலும் எப்படி வளைகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்று கணக்குப் போடத் தொடங்கினார்.

கணக்குப் போட்ட சிப்பாய்கள்

அது லேசான கணக்கு அல்ல. ஒரு கதிருக்கே பக்கம் பக்கமாக எழுதவேண்டும். இன்றுபோல அன்று கம்ப்யூட்டர் கிடையாது.

பீரங்கிப் படையின் தலைவராக இருந்த இளவரசர் லுத்விக் உதவிக்கு வந்தார். பீரங்கிக் குண்டு எங்கே போய் விழும் என்று கணக்குப் போடத் தெரிந்த வீரர்கள் சுமார் 10 பேரைப் பெட்ஸ்வாலிடம் அனுப்பினார். குண்டின் வழியைக் கணக்கிட்டவர்கள், இப்போது ஒளியின் வழியைக் கணக்கிட்டார்கள்!

சுமார் 6 மாதத்தில் வேலை முடிந்தது. லென்ஸ் காகிதத்தில் பிறந்துவிட்டது. மொத்தம் 4 கண்ணாடிகள். முன்னால் இரண்டு, ஒன்றோடு ஒன்று ஒட்டியவை. பின்னால் இரண்டு, நடுவில் இடைவெளி விட்டவை.

அந்தக் கணக்கை, வியன்னாவில் கண்ணாடித் தொழில் நடத்திய போக்ட்லெண்டர் என்பவரிடம் கொடுத்தார். அவர் 1840-ல் லென்சைச் செய்து முடித்தார்.

பழைய லென்சைவிடச் சுமார் 16 மடங்கு வெளிச்சம் உள்ளே வந்தது!

பல நிமிடம் உட்கார்ந்திருந்த காலம் போயிற்று. ஒரு நிமிடத்துக்குள் முகம் விழுந்தது. படத்தகட்டை மருந்து கொண்டு பக்குவப்படுத்தும் முறையும் வளர வளர, சில நொடிகளே போதும் என்று ஆயிற்று.

மங்கிய ஓரம், தெளிந்த முகம்

புதிய லென்சைப் பிடித்த போட்டோகிராபர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். படத்தின் நடுப்பகுதி கத்தி முனைபோலக் கூர்மையாக இருந்தது. ஓரங்கள் மங்கலாக இருந்தன. கண்ணுக்குக் குறி வைத்தால், கண் பளிச்சென்று விழுந்தது. காது லேசாக மங்கியது.

கட்டிடத்தைப் படம் எடுப்பவருக்கு இது குறை. முகத்தைப் படம் எடுப்பவருக்கோ இதுவே வரம்! பின்னால் இருக்கும் திரையும் நாற்காலியும் கரைந்துபோக, முகம் மட்டும் எழுந்து நின்றது.

ஆனால், சிரமமும் இருந்தது. உட்கார்ந்திருப்பவர் தலையைக் கொஞ்சம் முன்னால் நீட்டினாலும் தெளிவு போய்விடும். அதற்காக, ஸ்டூடியோக்களில் தலைக்குப் பின்னால் ஓர் இரும்புக் கவ்வி வைத்திருந்தார்கள். பழைய படங்களில் நம் முன்னோர் விறைப்பாக இருப்பதற்கு இப்படி அசையாமல் இருக்கவேண்டிய கட்டாயமும் ஒரு காரணம்.

லாபம் யாருக்கு?

லென்ஸ் உலகமெங்கும் பறந்தது. ஊர் ஊராக ஸ்டூடியோக்கள் தோன்றின. 1862-ம் ஆண்டுக்குள் போக்ட்லெண்டர் கம்பெனி சுமார் 60 ஆயிரம் லென்ஸ்கள் செய்துவிட்டது.

பெட்ஸ்வாலுக்குக் கிடைத்தது எவ்வளவு? ஒரே தடவையாக 2 ஆயிரம் குல்டன். குல்டன் என்பது அந்த நாட்டு நாணயம். அவ்வளவுதான்!

இருவருக்கும் மனக்கசப்பு உண்டாயிற்று. 1845-ல் உறவு முறிந்தது. 1849-ல் போக்ட்லெண்டர், ஜெர்மனியில் உள்ள பிரவுன்ஷ்வைக் என்ற ஊரில் தொழிற்சாலை தொடங்கினார். ஆஸ்திரியாவுக்கு வெளியே செல்லுபடியாகும் உரிமைப் பத்திரம் பெட்ஸ்வாலிடம் இல்லை. மற்ற நாட்டுக் கம்பெனிகளும் அதேபோல லென்ஸ் செய்து விற்றன. தடுக்க வழி இல்லை.

போக்ட்லெண்டர் இல்லாவிட்டால் லென்சும் இல்லை என்பதும் உண்மைதான். காகிதத்தில் இருந்ததைக் கண்ணாடியில் கொண்டுவந்தவர் அவர். ஆனால், கணக்குப் போட்டவருக்குப் பங்கு கிடைக்கவில்லை.

பெட்ஸ்வாலும் லேசுப்பட்டவர் அல்ல. பிடிவாதக்காரர். ஊதிக்கொண்டு வரும் ரெயிலின் ஓசை, நெருங்கும்போது ஒரு மாதிரியும் விலகும்போது ஒரு மாதிரியும் கேட்கிறது அல்லவா? அதன் காரணத்தைச் சொன்ன டாப்ளர் என்ற விஞ்ஞானியுடன் 1852-ல் மோதினார். டாப்ளர் சொன்னது தவறு என்று வாதாடினார். கடைசியில் டாப்ளர் சொன்னதே சரி என்று ஆயிற்று.

குன்றின்மேல் ஒரு வீடு

வியன்னாவுக்குப் பக்கத்தில் காலன்பெர்க் என்று ஒரு குன்று. அங்கே பாழடைந்த மடம் ஒன்றில் பெட்ஸ்வால் குடியிருந்தார். சொந்தமாகக் கண்ணாடி அரைக்கும் பட்டறை வைத்தார். கருப்புக் குதிரைமீது ஏறி, குன்றிலிருந்து இறங்கிப் பாடம் நடத்தப் போவார். குதிரைச் சவாரியிலும் வாள் வீச்சிலும் கெட்டிக்காரர் அவர்.

1857-ல் இயற்கைக் காட்சிகளைப் படம் எடுக்க ஏற்ற வேறொரு லென்சை வெளியிட்டார். டீட்ஸ்லர் என்ற தொழிலாளி அதைச் செய்து கொடுத்தார். போக்ட்லெண்டரும் அதே மாதிரி லென்சை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பழைய சண்டை மறுபடி மூண்டது. 1862-ல் டீட்ஸ்லர் திவாலானார்.

அதற்கு முன்பே பெரிய இடி விழுந்திருந்தது.

லென்ஸ் கணக்குகளை எல்லாம் திரட்டி, பெரிய புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார் பெட்ஸ்வால். 1859-ல் அவர் வீட்டில் திருடர்கள் புகுந்தார்கள். பல ஆண்டு உழைப்பில் உருவான கைப்பிரதி போய்விட்டது!

நகை போனால் வாங்கலாம். மூளையில் உதித்து, காகிதத்தில் இருந்தது போனால்? அவர் அதைத் திரும்ப எழுதவில்லை. லென்ஸ் ஆராய்ச்சியையே விட்டுவிட்டு, ஒலி ஆராய்ச்சியில் இறங்கினார்.

1869-ல், தம்முடைய 62-வது வயதில், தம் வீட்டு வேலைகளைக் கவனித்துவந்த பெண்ணை மணந்தார். 4 ஆண்டில் அந்த அம்மாளும் இறந்துபோனார். 1877-ல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். பிறகு வெளியே வருவதும் குறைந்தது. 1891 செப்டம்பரில் வியன்னாவில் காலமானார். அப்போது அவருக்கு வயது 84.

அழியாத கணக்கு

திருடர்கள் கொண்டுபோனது காகிதத்தை மட்டும்தான். நான்கு கண்ணாடிகளை அவர்களால் கொண்டுபோக முடியவில்லை.

பிற்காலத்தில் சினிமாக் கொட்டகைகளில், படத்தைத் திரையில் விழச் செய்த லென்ஸ்களில் பல, பெட்ஸ்வால் வகுத்த முறையில் செய்தவையே. 2013-ல் அவருடைய பழைய லென்சைப் பின்பற்றிப் புதிய லென்ஸ் ஒன்று செய்யப்பட்டது. இந்தக் காலத்துக் காமிராவில் மாட்டி, நடுவே தெளிந்த முகமும் சுற்றிலும் சுழன்று கரையும் ஓரமும் வேண்டும் என்று பலர் அதை விரும்பி வாங்கினார்கள்.

சந்திரனில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். பூமியிலிருந்து பார்க்க முடியாத மறுபக்கத்தில் இருக்கிறது அது.

ஸ்பிஷ்ஸ்கா பெலாவில் அவர் பிறந்த வீடு இப்போது பொருட்காட்சி சாலை. பழைய காமிராக்களும் லென்ஸ்களும் அங்கே வரிசையாக இருக்கின்றன.

வீட்டில் பாட்டன், பாட்டியின் பழைய படம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஓரம் மங்கியிருக்கலாம். கண்கள் மட்டும் நம்மையே பார்க்கும். அந்தப் பார்வையை நம்மிடம் கொண்டுவந்து சேர்க்க, முதலில் கணக்குப் போட்டவர் பெட்ஸ்வால்.