ஒரு ராணி 13 வருஷம் மறைத்த ரகசியம்!

உடம்பில் ஏதோ ஒரு வீக்கம். டாக்டரிடம் காட்டக் கூச்சம். அப்புறம் பார்த்துக்கலாம்னு தள்ளிப்போடுற ஆளா நீங்க? அப்போ இந்த ராணியோட கதை உங்களுக்குத்தான்.

பெயர் கரோலின். 1683-ல் ஜெர்மனியின் ஆன்ஸ்பாக் நகரில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அப்பா, அம்மாவை இழந்து, பெர்லின் அரண்மனையில் வளர்ந்தார். 1705-ல் கல்யாணம். கணவர் 1727-ல் இரண்டாம் ஜார்ஜ் என்ற பெயரில் இங்கிலாந்து மன்னராக, இவர் ராணியானார்.

மருத்துவம்னா பயப்படுற ஆளில்லை கரோலின். அம்மை குத்திக்கொள்ளப் பலரும் நடுங்கிய காலத்தில், 1722-லேயே தன் இரண்டு மகள்களுக்குத் துணிந்து குத்த வைத்தார். அதைச் செய்தவர் குளோடியஸ் அம்யாண்ட் என்ற சர்ஜன்.

ஆனால், தனக்குன்னு வந்தப்போ? 1724-ல் கடைசி மகள் லூயிசா பிறந்த பிறகு, கரோலினின் தொப்புளில் ஒரு புடைப்பு. அதுதான் ஹெர்னியா, அதாவது குடலிறக்கம். வயிற்றுச் சுவர் பலவீனமான இடத்தில் குடல் பிதுங்கி நிற்கும். கணவருக்குத் தெரியும். டாக்டர்களிடம் மட்டும் மூச்சுவிடவில்லை.

இடையில், 1735-ல் அதே லண்டனில் அதே அம்யாண்ட், 11 வயசுப் பையனின் ஹெர்னியாவைத் திறந்தார். உள்ளே இருந்தது குடல்வால். அதில் ஒரு குண்டூசி! வெட்டி எடுத்தார். மயக்க மருந்தே இல்லாத அந்தக் காலத்திலும் பையன் பிழைத்தான்.

1737 நவம்பர் 9. கரோலினுக்குத் தாங்கமுடியாத வயிற்றுவலி, வாந்தி. அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை. காரணம் தெரியாத டாக்டர்கள் ரத்தத்தை வெளியேற்றினார்கள், ஏதேதோ மருந்து கொடுத்தார்கள். சில நாள் கழித்து மன்னரே உண்மையை உடைத்தார். சர்ஜன்கள் கத்தியை எடுத்தபோது, சிக்கிய குடல் அழுகத் தொடங்கியிருந்தது. நவம்பர் 20-ம் தேதி இறந்தார். வயசு 54.

அன்றைக்கு ஆபரேஷனே பெரிய ஆபத்துதான். ஆனால், சொல்லியிருந்தால் ஒரு வாய்ப்பாவது கிடைத்திருக்கும்.

கதை அங்கே முடியலை. டென்மார்க் ராணியான லூயிசாவும் 1751-ல் அதே தொப்புள் ஹெர்னியாவால் இறந்தார். வயசு வெறும் 27.

இன்னைக்கு உங்களுக்கு ஸ்கேன் இருக்கு, மயக்க மருந்து இருக்கு, லேப்ராஸ்கோப்பி இருக்கு. வீக்கம் திடீர்னு கல்லு மாதிரி ஆகி, உள்ளே போகாம, வலியும் வாந்தியும் வந்தா ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீங்க. ஆனா, அதுவரைக்கும் ஏன் காத்திருக்கணும்? இன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க!