கொடுமுடிக் குரல்

திருக்கோவலூரில் தென்பெண்ணைக் கரையில் நிற்போர்க்கு ஆற்றின் நடுவே கபிலர் குன்றும், கரையில் வீரட்டானேசுவரர் கோயிலும் கண்ணிற்படும். பாரி மகளிர்க்கு இவ்வூரில் மணம் முடித்து வைத்தவள் ஔவை என்றும், இக்கோயிலில் விநாயகர் அகவல் பாடி முடித்த அப்பொழுதே கயிலை சேர்ந்தாள் என்றும் கள்ளக்குறிச்சிச் சீமையில் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அந்த ஔவை எவ்வாறு பாடியிருப்பாள் என்று ஊரிலுள்ள முதியவர் எவரைக் கேட்டாலும், அவர் செவியில் எழுவது ஒரே குரல்தான். அது கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளின் குரல்.

காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் 1908 அக்டோபரில் ஓர் ஏழைக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெயரின் முதலெழுத்துகளில் ஒன்று ஊருக்கு உரியது, மற்றொன்று அன்னை பாலாம்பாளுக்கு உரியது.  வயிற்றுப் பாட்டுக்காக அச்சிறுமி இரயில் வண்டியில் பாடியதுண்டு. அக்குரலைக் கேட்டு வியந்தவர்கள் வழியாக வேலு நாயர் நாடகக் குழுவில் இடம் கிடைத்தது. 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் வாடும் பிள்ளையாக முதலில் தோன்றினார். அந்தப் பசியை நடித்துக் காட்ட அவருக்கு எவரும் பயிற்சி அளிக்க வேண்டியிருந்திராது.

அக்காலத்து மேடையில் ஒலிபெருக்கி இல்லை. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் ஒவ்வோர் எழுத்தும் கேட்டாக வேண்டும். அம்மையாரின் உச்சக் குரலும், எழுத்துகளைத் தேய்க்காத உச்சரிப்பும் அந்தத் தேவையில் வளர்ந்தவை. பிற்காலத்தில் ஒலிவாங்கியின் துணையோடு பாடப் பழகியவர்கள் பலர்க்கு இவ்விரண்டும் ஒருங்கே அமையாமற் போனதில் வியப்பில்லை.

இலங்கைக்கு நாடகம் நடத்தச் சென்ற காலத்தில், செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவும் அவரும் ஒரே மேடையில் பாடினர். முன்னரே மணமானவர் கிட்டப்பா. எனினும் 1927இல் இருவரும் மணந்து கொண்டனர். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் அவர் வேலனாகவும் இவர் வள்ளியாகவும் ஒருவரையொருவர் விஞ்சிப் பாடுவதைக் கேட்க ஊர்கள் திரண்டன. இல்லறம் அந்த அளவு இனிக்கவில்லை. பிணக்கும் பிரிவும் வந்தன. 1933 டிசம்பர் 2ஆம் நாள், 27 வயதில் கிட்டப்பா மறைந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25.

அன்று உடுத்த வெண்ணிற ஆடையை அவர் பின்னர் மாற்றவேயில்லை. ஆடவர் எவர்க்கும் இணையாக மேடையேறுவதில்லை என்றும் உறுதி பூண்டார். இதனைக் கற்புக்குச் சான்றாக மட்டுமே எழுதிச் செல்வோர் உளர். அது பாதி உண்மை. துணையற்ற ஓர் இளம்பெண், நாடக உலகில் எவர் தயவும் இன்றித் தன் தொழிலைத் தன் நிபந்தனைப்படி நடத்திக்கொள்ள அவ்வுறுதி ஓர் அரணாகவும் நின்றது. 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்திற்கு அழைத்தபோது, தட்டிக் கழிக்கும் நோக்குடன் ஓர் இலட்சம் ரூபாய் கேட்டார் என்பர். கேட்ட தொகை கிடைத்தது. நந்தனாராக அவரே வேடமிட்டார். வேதியராக மகாராஜபுரம் விசுவநாத ஐயர் நடித்தார். எருமையும் மரமும் நன்றாக நடித்திருந்தன என்று கல்கி எழுதிய கேலி, படத்தைக் காட்டிலும் நீண்ட ஆயுள் பெற்றுவிட்டது. நடிப்பைப் பற்றிக் கல்கி சொன்னது பெரும்பாலும் சரியே. ஆனால் மக்கள் சென்றது கண்ணுக்காக அன்று.

தீரர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரசு மேடைகளிலும் அக்குரல் ஒலித்தது. காந்தியடிகள் கொடுமுடி இல்லத்திற்கு வந்தபோது உணவு படைத்த தங்கத் தட்டையும் கேட்டுப் பெற்று ஏலத்தில் விட்டார் என்ற செய்தி இன்றும் சொல்லப்படுகிறது. 1951இல் அம்மையார் சென்னை மாநிலச் சட்ட மேலவை உறுப்பினரானார்.

நாடகம் பார்க்க வாய்க்காத ஊர்களுக்கு அவர் இசைத்தட்டாகவே சென்றார். சாவி கொடுத்துச் சுழலவிடும் கிராமபோன் பெட்டி வசதியுள்ள வீட்டுத் திண்ணையில் இருக்கும். தெருவே சுற்றி அமர்ந்து கேட்கும். சென்னை வானொலி நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கப்பட்டன. ஊராட்சி மன்றத்து வானொலிப் பெட்டி வந்தபின், திண்ணைக் கூட்டம் பூங்காவிற்கு இடம்பெயர்ந்தது. திரைப்படத்தின் உரையாடலையும் பாட்டையும் சுருக்கித் தரும் ஒலிச்சித்திரம் ஒலிபரப்பாகும் வேளையில், அடுக்களை வேலையைப் பாதியில் விட்டுப் பெண்களும் வந்து அமர்வர். கல்வராயன் மலையூர்கள் 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தவை. சாலையும் மின்சாரமும் அங்கே மெல்லத்தான் ஏறின. திரையரங்கு எட்டாத அத்தகைய ஊர்களுக்கு மின்கலத்தில் இயங்கும் டிரான்சிஸ்டர் பெட்டிதான் கொட்டகையாயிற்று.

ஜெமினியின் 'ஔவையார்' 1953இல் வெளிவந்தது. கொத்தமங்கலம் சுப்பு இயக்கினார். 45 வயது கூட நிறையாதவர் மூதாட்டியாக வந்தபோது எவர்க்கும் உறுத்தவில்லை. இருபது ஆண்டுகளாக வெள்ளாடையும் திருநீறுமாக அவர் ஏற்கெனவே அக்கோலத்தில்தான் இருந்தார். 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகளாகவும், 1965இல் 'திருவிளையாடல்' படத்தில் மீண்டும் ஔவையாகவும் தோன்றினார். 'துணைவன்' படத்திற்காக 1969ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது பெற்றார். மறு ஆண்டு பத்மஸ்ரீ விருதும் வந்தது. 1980 செப்டம்பரில் மறைந்தார்.

'திருவிளையாடல்' ஒலித்தட்டு கள்ளக்குறிச்சிப் பக்கத்துத் திருவிழாக்களிலும் திருமண வீடுகளிலும் பல்லாண்டுகள் தேயத் தேயச் சுழன்றது. கோபித்துக்கொண்டு குன்றேறி நிற்கும் முருகனை ஔவை சமாதானம் செய்யும் இடம் வரும்போது, ஒலிபெருக்கிக் குழாய் பெரும்பாலும் மலையை நோக்கியே கட்டப்பட்டிருக்கும்.