நுகமும் கல்லும்: எரேமியாவின் வாழ்வில் பாபிலோன்

எபிரேயத் தீர்க்கதரிசிகளுள் வாழ்க்கைச் செய்திகள் மிகுதியாகக் கிடைப்பது எரேமியாவுக்கே. எருசலேமுக்கு வடகிழக்கே சிறு தொலைவிலிருந்த ஆனதோத்து என்னும் ஊரில், ஆசாரியக் குடியில், இல்க்கியாவின் மகனாகப் பிறந்தவர் அவர். யோசியா அரசனின் பதின்மூன்றாம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.மு. 627இல், அவருடைய பணி தொடங்கியது. அடுத்த நாற்பதாண்டுகளில் அசீரியா வீழ்ந்தது, பாபிலோன் எழுந்தது, யூதா அழிந்தது. பாபிலோனுக்குப் பணிவதே உயிர்பிழைக்கும் வழி என்று அவர் விடாது கூறியமையால் சமகாலத்தார் அவரைத் துரோகி என்றனர். பாபிலோன் சார்பாளர் என்று அவரை வகைப்படுத்தும் போக்கு பிற்கால ஆய்விலும் உண்டு. சிதேக்கியாவின் நான்காம் ஆட்சியாண்டில் (கி.மு. 594/593) நிகழ்ந்தனவாகச் சொல்லப்படும் இரு செயல்களைச் சேர்த்து நோக்கினால் அவ்வகைப்பாடு நில்லாது.

அவ்வாண்டில் ஏதோம், மோவாப், அம்மோன், தீரு, சீதோன் ஆகிய நாடுகளின் தூதர் எருசலேமில் கூடியிருந்தனர். எரேமியா தம் கழுத்தில் நுகம் பூண்டு, நேபுகாத்நேச்சாருக்கு அடங்குமாறு அவர்களுக்கு உரைத்தார். ஈராண்டில் விடுதலை வருமென்று அறிவித்த கிபியோனூர் அனனியா, ஆலயத்தில் அனைவர்முன்னும் அந்நுகத்தை முறித்தான். எரேமியா அப்போது வாதிடாமல் அகன்றார். பின்னர் மரநுகத்துக்கு மாறாக இரும்பு நுகம் வருமென அறிவித்தார்.

மற்றைய செயல் ஊரறிய நிகழ்ந்ததன்று. பாபிலோனுக்கு நேரவிருந்த அழிவையெல்லாம் ஒரு சுருளில் எழுதி, அங்குச் செல்லவிருந்த செராயாவிடம் கொடுத்தார். இவர் எரேமியாவின் எழுத்தர் பாரூக்கின் உடன்பிறந்தார். சுருளைப் பாபிலோனில் வாசித்தபின் அதனைக் கல்லொடு கட்டி ஐப்பிராத்து ஆற்றில் எறிய வேண்டும் என்பது கட்டளை.

நுகமும் கல்லும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. ஒரு நூற்றாண்டுக்கு முன் ஏசாயா அசீரியாவைக் கடவுள் கையிலுள்ள கோலாகவும், தன்னைத் தானே இயக்குவதாக எண்ணித் தருக்கியதால் தண்டனைக்குரியதாகவும் கண்டார். எரேமியா அக்கருத்தைப் பாபிலோன்மேல் ஏற்றினார். அப்பேரரசுக்குத் தரப்பட்டது தவணை மட்டுமே. எழுபதாண்டு என்று அதற்கு எல்லையும் குறிக்கப்பட்டது. ஐம்பதாம் அதிகாரத்தில் செருக்கு என்னும் பொருளுடைய எபிரேயச் சொல்லே அந்நாட்டுக்குப் பெயராக நிற்கிறது.

பாபிலோனைச் சேசாக்கு என்று குறிக்கும் வழக்கும் இந்நூலில் உண்டு. எபிரேய நெடுங்கணக்கின் முதலெழுத்துக்கு ஈற்றெழுத்து, இரண்டாவதற்கு ஈற்றயலெழுத்து என மாற்றி எழுதும் முறை இது. அச்சத்தால் மறைத்து எழுதியது என்பார் கூற்று ஏற்கத்தக்கதன்று. ஐம்பத்தோராம் அதிகாரத்தில் சேசாக்கு வரும் வசனத்திலேயே பாபிலோன் என்ற பெயரும் வெளிப்படையாக வருகிறது. கிரேக்க மொழிபெயர்ப்பில் இம்மறைபெயர் இல்லை. பாபிலோன்மீதான உரைகளும் அங்கு நூலின் இடைப்பகுதியில் அமைந்துள்ளன.

இவ்வுரைகள் அனைத்தும் எரேமியாவுடையனவா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் காலத்தைக் கணிக்க ஒரு சான்று உதவும். உரைகள் மேதியரை முன்னிறுத்தி, நகரம் ஆளற்ற பாழாகும் என்கின்றன. கி.மு. 539இல் பாரசீகக் கோரேசின் படை போரின்றி நகருள் புகுந்தது; நகரம் அழியவில்லை. நிகழ்ந்தபின் எழுதியவர் நிகழ்ந்தவாறே எழுதியிருப்பார். எனவே இவற்றின் பெரும்பகுதி அவ்வாண்டுக்கு முற்பட்டது எனக் கொள்வதே பொருத்தம்.

முற்றுகைக் காலத்தில் எரேமியா சேறு நிறைந்த துரவில் இறக்கப்பட்டார். எத்தியோப்பியனான எபெத்மெலேக்கு அவரைத் தூக்கிக் காத்தான். காவலில் இருந்தபோதே, பகைவர் சூழ்ந்திருந்த நாட்டில், ஆனதோத்து நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்கிப் பத்திரத்தை மட்கலத்தில் வைப்பித்தார். நகரம் வீழ்ந்ததும் பாபிலோனியத் தளபதி அவரை விடுவித்து, பாபிலோனுக்கு வந்தால் பேணப்படுவார் என்றான். பாபிலோன் சார்பாளர் ஒருவர் தம் உழைப்புக்குப் பயன்கொள்ள ஏற்ற தருணம் அது. எரேமியா செல்லவில்லை, மிஸ்பாவில், எஞ்சிய ஏழை மக்களிடையே தங்கினார். ஆளுநர் கெதலியா கொலையுண்டபின், அஞ்சி ஓடிய கூட்டம் அவர் தடுத்தும் கேளாது, அவரையும் பாரூக்கையும் எகிப்திலுள்ள தகபானேசுக்குக் கொண்டு சென்றது. அவருடைய இறப்பை நூல் கூறவில்லை. செராயாவின் கல் ஐப்பிராத்தில் எறியப்பட வேண்டிய இடத்தோடு எரேமியாவின் சொற்கள் முடிந்தன என்று நூலே வரைந்து நிறுத்துகிறது.