டிரிப்டோபேன் கண்ட ஹாப்கின்ஸ்

நல்லுறக்கம் வேண்டி டிரிப்டோபேன் என்னும் அமினோ அமிலத்தைக் குளிகையாக உண்பார் இக்காலத்துப் பலர் உளர். அதனை முதன்முதல் பிரித்தெடுத்த பிரெடெரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸ் என்பாரின் வரலாற்றை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

இவர் 1861-ஆம் ஆண்டு இங்கிலாந்திலுள்ள ஈஸ்ட்போர்ன் நகரிற் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். பள்ளியை விட்டபின் காப்புறுதிக் காரியாலயத்தில் எழுத்து வேலை. பின்னர் இரசாயனப் பரிசோதனைத் தொழில். மருத்துவப் பட்டம் பெற்றபோது வயது முப்பத்து மூன்று. 1898-இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை இவரை அழைத்துக்கொண்டது.

அங்கே மாணவர் செய்முறை வகுப்பில் ஒரு சோதனை உண்டு. புரதத்துடன் அசெட்டிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்த்தால் ஊதா நிறம் தோன்றவேண்டும். ஒருமுறை அது தோன்றவில்லை. இத்தகைய வேளையில் பழி மாணவன் கைக்கே வருமென்பதை நாம் அறிவோம். ஹாப்கின்ஸோ அமிலத்தையே ஐயுற்றார். நிறத்தைத் தருவது அசெட்டிக் அமிலமன்று, அதிற் கலந்திருந்த கிளையாக்சிலிக் அமிலமென்னும் மாசு என்று கண்டார். அம்மாசு புரதத்தின் எப்பகுதியோடு கூடி நிறந்தருகிறதெனத் தேடிச் சென்று, 1901-இல் சிட்னி கோல் என்பாருடன் பாற்புரதத்திலிருந்து டிரிப்டோபேனைப் பிரித்தார்.

அதன் பயனை எலிகள் உணர்த்தின. மக்காச்சோளப் புரதமாகிய ஸீனில் டிரிப்டோபேன் இல்லை. அதனையே புரதமாக உண்ட சுண்டெலிகள் விரைவில் மாண்டன. டிரிப்டோபேன் சேர்த்து ஊட்டியவை கூடுதல் நாள் உயிர்வாழ்ந்தன. 1906-இல் இது வெளியாயிற்று. ஆயினும் அவை வளரவில்லை. ஸீனில் லைசினும் இல்லையன்றோ!

நம் உடல் இவ்வமிலத்தைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. பால், முட்டை, மீன், பருப்பு, நிலக்கடலை இவற்றினின்றே பெறவேண்டும். இதிலிருந்து மூளையில் செரட்டோனினும், அதன்வழி உறக்கத்தோடு இயைபுடைய மெலட்டோனினும் உண்டாகின்றன. சுமார் 60 மில்லிகிராமிலிருந்து 1 மில்லிகிராம் நியாசின் விளையும். மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பெலாக்ரா நோய் வாட்டியதற்கு இவ்விரண்டின் குறைவே காரணம்.

1929-இல் நோபெல் பரிசு பெற்ற ஹாப்கின்ஸ் 1947-இல் காலமானார். 1989-இல் அமெரிக்காவில் டிரிப்டோபேன் குளிகை உண்டோர் 1500-க்கு மேற்பட்டவர் கொடிய தசைநோவுற்றனர். முப்பதின்மருக்கு மேல் இறந்தனர். பெரும்பாலும் ஒரே ஆலையின் சரக்கு. அதிற் கலந்த மாசின்மீதே ஐயம் விழுந்தது. மிகுந்த அளவில் உண்ட டிரிப்டோபேனுக்கும் அதிற் பங்குண்டோ என்பது இன்னும் முற்றும் தெளியவில்லை. மனச்சோர்வுக்கு மருந்துண்போர் வைத்தியரைக் கேளாது இக்குளிகையைத் தொடலாகாது.