லிசியே நகரின் சிறுமலர்

குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாள் என்றதும், ரோஜா மலர்களையும் பாடுபட்ட சுரூபத்தையும் மார்போடு அணைத்து நிற்கும் அந்த அமைதியான முகமே நம் கண்முன் தோன்றும். அவரே சிறு வயதில் எடுத்ததற்கெல்லாம் அழும் தொட்டாற்சிணுங்கியாய் இருந்தார் என்றால் நம்புவோமா?

பிரான்சு நாட்டின் அலன்சோன் நகரில் 1873-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் பிறந்தார். நான்கு வயதில் தாயை இழந்தார். பின்பு குடும்பம் லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தது. 1886-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா. நள்ளிரவுப் பூசை முடிந்து வீடு திரும்பியதும், பிள்ளைகளின் காலணிகளில் பரிசுகளை வைக்கும் வழக்கம் இந்த ஆண்டோடு முடியட்டும் என்று களைத்துப்போன தந்தை சலித்துக்கொண்டது மாடிப்படியில் நின்ற தெரேசாவின் காதில் விழுந்தது. அவர் அழவில்லை! கண்ணீரை அடக்கி, சிரித்த முகத்துடன் இறங்கி வந்து பரிசுகளைப் பிரித்தார். பல ஆண்டுகள் முயன்றும் தம்மால் ஆகாததை இயேசு ஒரு நொடியில் செய்து முடித்ததாகப் பின்னர் எழுதினார்.

1888-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் கார்மேல் மடத்தில் சேர்ந்தபோது அவருக்கு வயது பதினைந்து. எங்கள் வகுப்பு மாணவியரின் வயது! நாங்களோ ஆண்டுத் தியானத்தில் அரை நாள் மௌனம் காப்பதற்குள் திண்டாடிப் போகிறோம்.

மடத்தில் அவருக்குச் செபம் தேனாய் இனித்தது என்று எண்ணிவிட வேண்டாம். பெரும்பாலும் வறட்சியே. செப வேளையில் தூங்கிவிடுவதும் உண்டு. பின்னால் இருந்த ஒரு சகோதரி ஓயாமல் எழுப்பிய விந்தையான சிறு ஒலி வேறு அவரை வாட்டியது. திரும்பி ஒரு பார்வை பார்த்தால் போதும், நின்றுவிடும். ஆனால் அவர் திரும்பவில்லை. வியர்த்துக் கொட்டினாலும், அந்த ஒலியையே இனிய இசையாகப் பாவித்து இறைவனுக்கு ஒப்புக்கொடுத்தார்.

நற்செய்தி நூலை எப்போதும் நெஞ்சருகே வைத்திருந்தார். குருவாக, வேதசாட்சியாக, வேதபோதகராக எல்லாமாகவும் விளங்க அவருக்கு ஆசை. 1896-இல் புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தைத் திறந்தார். எல்லாரும் எல்லாமாக இருக்க முடியாது என்கிறது 12-ஆம் அதிகாரம். மனம் ஆறவில்லை, மேலும் படித்தார். 13-ஆம் அதிகாரம் அன்பைக் காட்டியது. திருச்சபையின் இதயத்தில் அன்பாக இருப்பதே தம் அழைத்தல் என்று கண்டுகொண்டார்.

அதே ஆண்டில்தான் காசநோயும், மோட்சமே இல்லையோ என்னும் இருளும் அவரைச் சூழ்ந்தன. விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதி வைத்துக்கொண்டார். 1897-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள், 24-ஆம் வயதில் இறந்தார்.

1925-இல் புனிதர் பட்டம். 1927-இல், நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் ஊர் ஊராய் நடந்து ஞானஸ்நானம் அளித்த புனித சவேரியாரோடு, ஒரு வேதபோதக நாட்டிலும் கால் பதிக்காத இந்த மடத்துக் கன்னியையும் பாப்பரசர் 11-ஆம் பத்திநாதர் வேதபோதக நாடுகளுக்குப் பாதுகாவலியாக அறிவித்தார்.