நாயனத்தின் ‘டோனை’ மாற்றிய டெல்டாக்காரர்: டி.என்.ராஜரத்தினம் பிள்ளை செய்தது என்ன?

முதல் முறையாக டிஜிட்டல் மாடலிங் ஆம்ப் வாங்கும் பலரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கிட்டாரைச் செருகி ஆன் செய்தால், உள்ளே டஜன் கணக்கில் பிரீசெட்கள் வரிசையாக நிற்கும். ஒன்று ராக், ஒன்று ஜாஸ், ஒன்று மெட்டல். ஒரு வாரம் முழுக்க குமிழ்களைத் திருகியும் ஒரு கேள்வி மட்டும் அப்படியே இருக்கும்: இதில் எது என் சத்தம்?

இந்தக் கேள்விக்கு, குமிழ் எதுவும் இல்லாத காலத்தில், மரத்தையும் மூச்சையும் வைத்துப் பதில் தேடினார் காவிரி டெல்டாக்காரர் ஒருவர். அவர்தான் நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. அவர் தேடியது நல்ல டோன் மட்டும் இல்லை. ஒரு கலைஞன் எங்கே நிற்கலாம், எங்கே உட்காரலாம் என்பதும் அந்தத் தேடலில் இருந்தது.

யார் இவர்?

1898 ஆகஸ்ட் 27-ல் நாகப்பட்டினம் பக்கத்திலுள்ள திருமருகலில் பிறந்தார். அப்பா குப்புசாமி பிள்ளை, அம்மா கோவிந்தம்மாள். பெற்றோர் வைத்த பெயர் பாலசுப்பிரமணியம். தாய்மாமா திருமருகல் நடேச பிள்ளை, திருவாவடுதுறை ஆதீனத்தில் நாதஸ்வரம் வாசித்தவர். அவர் இந்தப் பையனைத் தத்தெடுத்து வளர்த்தார். பெயருக்கு முன்னால் வரும் ‘டி.என்.’ இந்த மாமாவிடமிருந்து வந்ததுதான்: திருமருகல் நடேசன்.

சிறு வயதில் முதலில் கற்றது நாயனம் இல்லை, பாட்டு. திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரிடம் வாய்ப்பாட்டு. பிறகு அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நாதஸ்வரம். இந்த வரிசையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அவர் நாயனத்தைப் பாட்டுக்காரர் குரல் மாதிரி மாற்ற நினைத்ததற்கு விதை இங்கேதான் இருக்கிறது. வளர்ந்த பிறகு திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆஸ்தான வித்வான் ஆனார். அந்த ஊரின் பெயரே அவருக்கு முகவரி ஆனது.

அப்போது நாயனக்காரர் நிலை என்ன?

கோயில் இருந்தால் நாயனம் இருக்கும். கல்யாணம், சாமி புறப்பாடு, தேர், திருவிழா எல்லாவற்றுக்கும் நாயனம்தான் முதல் சத்தம். ஆனால் அதை வாசித்தவருக்குக் கிடைத்த மரியாதை வேறு. சட்டை போடக் கூடாது, துண்டு தோளில் இல்லாமல் இடுப்பில் இருக்க வேண்டும், நின்றுகொண்டோ நடந்துகொண்டோதான் வாசிக்க வேண்டும். பாட்டுக் கச்சேரி செய்பவருக்கு மேடை, ஜமுக்காளம், முன்வரிசையில் பெரிய மனிதர்கள். நாயனக்காரருக்கு வீதி.

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) பார்த்திருக்கிறீர்களா? சிக்கல் சண்முகசுந்தரம் தன் வித்தைக்கு மரியாதை இல்லாத இடத்தில் கோபப்படுவார், இல்லையா? அந்தக் கோபம் சினிமாக்காரர்கள் சும்மா எழுதியது இல்லை. டெல்டாவின் இசை வேளாளர் வீடுகளில் பல தலைமுறையாக இருந்த கோபம் அது.

ராஜரத்தினம் பிள்ளை அதைச் செயலில் காட்டினார். குடுமியை எடுத்து கிராப் வைத்துக்கொண்டார். சட்டை, கோட்டு, ஷெர்வானி போட்டார். மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நிபந்தனை வைத்தார்.

சரி, மேடையில் உட்கார்ந்துவிடலாம். அந்த வாத்தியம் மேடைக்கு ஒத்துவருமா? இதுதான் அடுத்த சிக்கல்.

கிட்டாருக்கு நேர் எதிர்ப் பிரச்சினை

கொஞ்சம் அமெரிக்கா பக்கம் போய்வருவோம். 1930-களில் அங்கே பெரிய பேண்டுகளில் டிரம்ஸ், டிரம்பெட் நடுவே கிட்டார் சத்தம் கேட்கவே இல்லை. அதனால்தான் கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றி, ஆம்ப்ளிஃபையர் வழியாகப் பெரிதாக்கினார்கள். ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் ‘ஃபிரையிங் பேன்’ எலெக்ட்ரிக் கிட்டார் 1932-ல் விற்பனைக்கு வந்தது. ஆம்பின் வால்வுகளைத் தாங்கும் அளவுக்கு மேல் தள்ளியபோது ஒரு கரகரப்பு வந்தது. முதலில் கோளாறாகத் தெரிந்த அந்த டிஸ்டார்ஷன், பிறகு ராக் இசையின் அடையாளமே ஆனது. இன்றைய மாடலிங் ஆம்ப் செய்வது, அந்தப் பழைய வால்வு ஆம்புகளும் ஸ்பீக்கர் பெட்டிகளும் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சிப்புக்குள் கணக்குப் போட்டுத் திருப்பித் தருவது. லைன் 6 நிறுவனம் 1996-ல் கொண்டுவந்த ஆக்சிஸ் 212 இந்த வகையில் ஆரம்பகால ஆம்புகளில் ஒன்று.

நாயனத்தின் கதை அப்படியே தலைகீழ். கிட்டாருக்குச் சத்தம் போதவில்லை. நாயனத்துக்குச் சத்தம் அதிகம். கோயில் வீதியில் ஆயிரம் பேர் கூட்டத்தைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதற்காகவே வளர்ந்த வாத்தியம் அது. அதை மூடிய ஹாலுக்குள் கொண்டுவந்தால் காது அடைக்கும். அந்தக் கால மைக் முன்னால் முழு மூச்சில் வாசித்தால் சத்தம் உடைந்துபோகும். கிட்டார்காரர் ஆசைப்பட்டுத் தேடிய கரகரப்பு, நாயனக்காரருக்கு வேண்டாத விருந்தாளி.

திமிரியும் பாரியும்

அப்போது பரவலாக இருந்தது ‘திமிரி’ நாயனம். குழல் குட்டை, சுருதி உயரம். ஏறக்குறைய 4, 5 கட்டை. ஆண் பாடகர்கள் பெரும்பாலும் பாடுவது 1 கட்டையிலும் அதை ஒட்டியும். அதாவது வாய்ப்பாட்டில் கற்ற ஒரு ராகத்தை அதே கனத்தோடு திமிரியில் கொண்டுவர முடியாது. சத்தம் மேலே மேலே பறக்கும், கீழே இறங்கி நிற்காது.

குழல் நீளமானால் உள்ளே அதிரும் காற்றுத்தூணும் நீளமாகும், சுருதி இறங்கும். ஸ்கூல் பிசிக்ஸ்தான். ‘பாரி’ நாயனம் அப்படி நீளமானது. சுருதி 2, 2½ கட்டைக்கு இறங்கியது. சத்தத்தில் கூர்மை குறைந்து கனமும் குளிர்ச்சியும் வந்தது.

ஆனால் இது இலவசமாகக் கிடைக்கவில்லை. குழல் நீண்டால் துளைகளுக்கு நடுவே இடைவெளி கூடும், விரல்களை அகட்ட வேண்டும். மூச்சும் அதிகம் வேண்டும். பழகிய கையை மறுபடி பழக்க வேண்டும். அதற்குள் பெயரும் புகழும் வந்துவிட்ட ஒருவர் இதற்குத் தயாரானார் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

நரசிங்கம்பேட்டை பட்டறை

திருவாவடுதுறையிலிருந்து கொஞ்ச தூரம்தான் நரசிங்கம்பேட்டை. ஆடுதுறை பக்கத்து ஊர். நாயனம் கடைவது அங்கே பரம்பரைத் தொழில். அங்கிருந்த ரங்கநாதன் ஆச்சாரிதான் ராஜரத்தினம் பிள்ளையின் காதுக்கு ஏற்ற நாயனத்தைச் செய்து கொடுத்தவர்.

நாயனத்தின் பாகங்கள் மூன்று. நீளமான குழல் உலவு, கீழே விரியும் மணி அணசு, வாயில் வைக்கும் சீவாளி. உலவுக்கு ஆச்சா மரம். புது மரம் ஆகாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், பல வருஷம் காய்ந்த கட்டைதான் விரிசல் விடாது. சீவாளிக்குக் காவிரிக் கரையோர நாணல். கொறுக்கை என்பார்கள். சீவாளி செய்வதில் பெயர் பெற்ற ஊர் திருவாவடுதுறையேதான். நாயனத்திலிருந்து கொத்தாகத் தொங்கும் சின்னச் சின்ன பட்டைகளைக் கல்யாண வீட்டில் பார்த்திருப்பீர்களே, அவை மாற்றுச் சீவாளிகள்.

குழலை நீட்டினால் மட்டும் போதாது, துளைகளும் சரியான இடத்தில் விழ வேண்டும். திமிரியில் மத்திம ஸ்வரத்தின் துளை பிரதி மத்திமத்தைத்தான் இயல்பாகக் கொடுக்கும். சுத்த மத்திமம் வேண்டுமென்றால் விரலைப் பாதி மூடி, மூச்சை அடக்கி, வாசிப்பவர்தான் சமாளிக்க வேண்டும். ராஜரத்தினம் பிள்ளைக்கு அந்தச் சமாளிப்பு பிடிக்கவில்லை. ஆச்சாரி செய்த பாரி நாயனத்தில் சுத்த மத்திமம் சுத்தமாகப் பேசியது.

இந்த ஒரு ஸ்வரம் ஏன் அவ்வளவு முக்கியம்? ராஜரத்தினம் பிள்ளை என்றாலே தோடி, தோடி என்றாலே ராஜரத்தினம் பிள்ளை. அந்தத் தோடியில் வருவது சுத்த மத்திமம்தான். மணிக்கணக்கில் அவர் விரித்த ராகத்தின் நடுமுதுகு, பழைய வாத்தியத்தில் சமாளித்து வாசிக்க வேண்டிய ஸ்வரமாக இருந்தது.

பெருமை முழுவதும் ஒருவருக்கு மட்டும் போகக் கூடாது. என்ன சத்தம் வேண்டும் என்று ராஜரத்தினம் பிள்ளைக்குத் தெரிந்தது. அதை மரத்தில் எங்கே துளைத்தால் வரும் என்று ரங்கநாதன் ஆச்சாரிக்குத் தெரிந்தது. ஒருவருக்குக் காது, இன்னொருவருக்குக் கை.

மைக், ரேடியோ, ரெக்கார்டு

சுருதி இறங்கியதும் பல கதவுகள் திறந்தன. நாயனத்துக்குச் சுருதி கொடுக்க ‘ஒத்து’ என்ற இன்னொரு ஊதுகுழல் இருக்கும். ராஜரத்தினம் பிள்ளை தம்புராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டார். தம்புராவின் மெல்லிய சத்தம் வீதியில் கேட்காது, மேடையில் கேட்கும். பாட்டுக் கச்சேரியின் மொத்த அமைப்பும் இப்படி நாயனத்துக்கு வந்து சேர்ந்தது.

காலமும் கைகொடுத்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-லும் திருச்சி நிலையம் 1939-லும் தொடங்கின. திருவிழாவுக்குப் போனால்தான் கேட்க முடியும் என்றிருந்த நாயனம் வானொலியில் வந்தது. அவருடைய தோடி இசைத்தட்டு வீடு வீடாகப் போனது. தவிலில் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சேர்ந்துவிட்டால் கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம்.

சினிமாவும் கூப்பிட்டது. 1940-ல் வந்த ‘காளமேகம்’ படத்தில் புலவர் காளமேகமாக நடித்தார். இயக்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர்.டங்கன். படம் ஓடவில்லை. அவர் நாயனத்துக்கே திரும்பிவிட்டார்.

1947 ஆகஸ்டில் திருவாவடுதுறை ஆதீனத்தின் குழு செங்கோலோடு டெல்லிக்குப் புறப்பட்டபோது ராஜரத்தினம் பிள்ளையும் உடன் சென்றார். நாடு விடுதலை அடைந்த வேளையில் தலைநகரில் ஒலித்தது டெல்டாவின் நாயனம்.

சுலபமான மனிதர் இல்லை

அவரைத் தெய்வமாக்கிச் சொல்லும் கதைகளில் விட்டுப்போகும் பக்கமும் உண்டு. பிடிக்காவிட்டால் கச்சேரிக்கு வராமல் இருந்துவிடுவார், வந்தாலும் நேரத்துக்கு வருவார் என்று சொல்ல முடியாது என்பது அப்போதே ஊரறிந்த விஷயம். பணம் நிறைய வந்தது, நிறைய போனது. நினைத்தபடி வாழ்ந்தார், சேர்த்து வைத்தவர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. காத்திருந்து ஏமாந்த ரசிகர்களுக்குக் கோபம் வந்ததிலும் நியாயம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக நிற்க வைக்கப்பட்டவர்களில் ஒருவர் மற்றவர்களைக் காக்க வைத்தார் என்று பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

1956 டிசம்பர் 12-ல் சென்னையில் காலமானார். வயது 58. அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம் பாரி நாயனத்தின் சத்தத்தை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோனார். ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு போட்டிபோடும் நாயனம் காருகுறிச்சியாருடையது. ஒரு பெண் குரலும் நாயனமும் ஒரே பாட்டில், ஒன்றை ஒன்று அமுக்காமல் போவதைக் கேட்டால், மேலே சொன்ன மாற்றம் என்ன என்று காதுக்கே புரியும்.

இப்போ என்ன நிலை?

தமிழ்நாட்டில் இன்று நாயனம் என்றால் பெரும்பாலும் பாரிதான். திமிரியைத் தேடித்தான் கேட்க வேண்டும். மேடைக்குக் கிடைத்தது லாபம் என்றால், வீதிக்கான அந்த உயர்ந்த சத்தம் அருகிப்போனது அதன் விலை. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் பழைய ஆச்சா கட்டை கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் கஷ்டமாகிறது. அந்தப் பட்டறைகளில் கடைசல் ஓடிக்கொண்டிருக்க, குறியீட்டோடு வாங்கும் ஆட்களும் வேண்டும்.

மாடலிங் ஆம்ப் வாங்கியவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? ராஜரத்தினம் பிள்ளை வாத்தியத்தை மாற்றுவதற்கு முன்பே சத்தத்தை முடிவு செய்துவிட்டார். பாட்டு கற்ற காது, வேண்டிய தோடி எப்படி இருக்கும் என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகுதான் மரமும் துளையும்.

நீங்களும் அதே வரிசையில் போகலாம். பிரீசெட்களை ஒதுக்கிவிட்டு எஃபெக்ட் எதுவும் இல்லாத ஒரு கிளீன் சத்தத்தில் தொடங்குங்கள். பாஸ், மிட், டிரெபிள் மூன்றையும் நடுவில் வையுங்கள். கெய்னைக் குறைத்து வையுங்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டைக் கேட்டு, அதில் எது பிடித்திருக்கிறது என்று யோசித்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு குமிழை மட்டும் திருகுங்கள். வாசிக்கப்போவது படுக்கையறையிலா, ஹாலிலா, ஹெட்போனிலா என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். இடம் மாறினால் சத்தமும் மாற வேண்டும். திமிரி பாரியானது அதனால்தான்.

இன்று இரவு அதே ஹெட்போனில் ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை ஒருமுறை போட்டுக் கேளுங்கள். பழைய ரெக்கார்டு, கீச்சுச் சத்தம் இருக்கும். முதல் ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு அது காதில் விழாது.