புரதத்திற்கு எல்லை வகுத்த பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன்

யஷ்வந்த்பூர் இரயில் நிலையத்திற்கு அணித்தே மரங்கள் அடர்ந்த பெருவளாகம் ஒன்று உளது. இந்திய விஞ்ஞானக் கழகம் என்பது அதன் பெயர். ஊரார் டாட்டா இன்ஸ்டிட்யூட் என்றே வழங்குவர். வேலைக்குச் செல்லும் வழியில் நாள்தோறும் அதன் மதிற்சுவரைக் கண்டு வருகிறோம். அம்மதிலுக்குள் நம்மவர் ஒருவர் இருந்து உலகிற்கே ஓர் அளவுகோலைத் தந்து சென்றார் என்பதைப் பல்லாண்டுகள் அறியாதிருந்தோம். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திய குமாஸ்தாவுக்கு விஞ்ஞானம் எதற்கு என நண்பர்கள் நகைக்கலாம். தெரிந்த அளவில் எழுதுகிறோம்.

இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். பெயரின் முன்னெழுத்தாகிய கோபாலசமுத்திரம் திருநெல்வேலிச் சீமையில் உள்ள ஊர். தந்தையார் நாராயண ஐயர் கணிதப் பேராசிரியர். திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் பயின்ற மகனை அரசாங்க உத்தியோகத்தில் அமர்த்த விரும்பி, இரயில்வேப் பொறியாளர் தேர்வெழுத டில்லிக்கு அனுப்பினாராம். மகனோ வேண்டுமென்றே சரிவர எழுதாது திரும்பினார் என்பர். நம் இலாகாவுக்கு அது நட்டமே. எனினும் நாம் வருந்தவில்லை.

1942இல் பெங்களூரில் மின்பொறியியல் மாணவராய்ச் சேர்ந்தவரைச் சர் சி. வி. இராமன் தம் பௌதிகத் துறைக்கு ஈர்த்துக்கொண்டார். பின்னர் கேம்பிரிட்ஜ் சென்று பட்டம் பெற்று மீண்டார். 1952இல், ஏறத்தாழ முப்பது வயதில், சென்னைப் பல்கலைக் கழகத்தின் பௌதிகத் துறைத் தலைவரானார்.

சென்னைக்கு வந்த ஆங்கில விஞ்ஞானி பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என அவரிடம் கூறினார். தோலுக்கும் எலும்புக்கும் வலிமை தருவது அது. அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது. அதன்மேல் எக்ஸ் கதிரைச் செலுத்திப் படமெடுத்து, கோபிநாத் கர்த்தா என்னும் துணைவருடன் ஆராய்ந்தார். மூன்று இழைகளை முறுக்கிய கயிறு போன்றதே கொலாஜன் என 1954, 1955ஆம் ஆண்டுகளில் இருவரும் வெளியிட்டனர்.

உடனே எதிர்ப்பு எழுந்தது. மரபணுவின் வடிவத்தைக் கண்ட கிரிக் என்பாரும் அவருடைய தோழர் ரிச்சும், இவ்வமைப்பில் அணுக்கள் ஒன்றையொன்று அளவுக்கு மீறி நெருங்குகின்றன எனக் குறை கூறினர். வேறொருவராயின் சினந்திருப்பார், அன்றி ஒதுங்கியிருப்பார். நம் பேராசிரியரோ, அப்படியாயின் இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்ற கேள்வியையே கையிலெடுத்தார். மூன்றிழை என்னும் கருத்து நிலைத்தது. உள்ளமைப்பின் சில நுணுக்கங்களில் எதிர்த்தரப்பினரின் திருத்தமும் ஏற்கப்பட்டது. இரண்டையும் சொல்வதே நேர்மை.

அக்கேள்வி ஈன்றதுதான் அவரது பெரும்புகழ். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பக்கூடிய இரண்டு மூட்டுகள் உள. எப்படி வேண்டுமானாலும் திருப்பினால் அணுவோடு அணு மோதும். ஒரு பிளாக் பகுதியில் ஒரே சமயத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம் என்பது நம் தொழிலின் பாலபாடம். அணுக்களுக்கும் ஏறத்தாழ அஃதே விதி. இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன், மேசைக் கணக்கு இயந்திரத்தைத் துணையாகக் கொண்டு ஒவ்வொரு கோணத்தையும் கணக்கிட்டு, ஆகும் இடங்களையும் ஆகாத இடங்களையும் ஒரு சதுரப் படத்தில் குறித்தார். 1963இல் வெளிவந்த அதனை உலகம் இராமச்சந்திரன் வரைபடம் என்கிறது. படத்தின் பெரும்பகுதி ஆகாத இடமே.

1970களின் தொடக்கத்தில் பெங்களூருக்கே திரும்பி, மூலக்கூறு உயிர்ப்பௌதிகப் பிரிவை நிறுவினார். 1971இல் இலட்சுமிநாராயணன் என்பாருடன் சேர்ந்து, எக்ஸ் கதிர் நிழல்களினின்றும் உள்ளுருவை மீட்கும் விரைவான கணக்குமுறை ஒன்றையும் வெளியிட்டார். ஸ்கேன் எடுத்துக்கொண்ட நம் அன்பர்களுக்கு அதன் அருமை புரியும். 1977இல் இலண்டன் இராயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. நோபெல் பரிசு மட்டும் வரவில்லை. குறைப்படுவதில் பயனில்லை எனினும் குறைப்படாதிருக்க இயலவில்லை. இறுதிக் காலத்தில் பார்க்கின்சன் நோயால் துன்புற்று, 2001 ஏப்ரல் 7இல் சென்னையில் மறைந்தார்.

அவர் மறைந்தபின் காலம் வேகமாக ஓடிவிட்டது. நாம் விழுங்கும் மாத்திரைகளுட் பல, உடலிலுள்ள ஏதேனும் ஒரு புரதத்தின் குழிவிற் சென்று பொருந்துவதாலேயே வேலை செய்கின்றன. பூட்டில் சாவி பொருந்துவது போல. எது எங்கே பொருந்தும் என்பதைச் சோதனைச் சாலையிற் காணப் பல்லாண்டுகள் ஆகும். இப்போது கணிப்பொறிக்குப் பழைய வடிவங்களை இலக்கக் கணக்கிற் காட்டிப் பழக்கினால், அது புதியவற்றை ஊகித்துச் சொல்கிறது. ஆல்ஃபாஃபோல்டு என்னும் அத்தகைய முறைக்காக ஹசாபிஸ், ஜம்பர் இருவரும், புதுப் புரதங்களை வகுத்தமைக்காகப் பேக்கரும், 2024இல் வேதியியல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். புரதத்தோடு மருந்து மூலக்கூறு பிணையும் விதத்தையும் ஊகிக்கும் மூன்றாம் பதிப்பு அதே ஆண்டில் வெளிவந்தது.

ஆயினும் அப்பதிப்பு சில வேளைகளில் ஓர் அணுவின்மேல் மற்றோர் அணுவை ஏற்றிவிடுகிறது. படைத்தோரே இதனை ஒப்புக்கொண்டுள்ளனர். மருந்து மூலக்கூறு உட்காரும் இடம் சரியா என்பதற்கு அணுக்களின் இடைவெளியைப் பார்க்கின்றனர். புரதச் சங்கிலியின் முறுக்கு சரியா என்பதற்கு 1963ஆம் ஆண்டின் படத்தையே பார்க்கின்றனர். 1971 முதல் உலகின் புரத வடிவங்களைச் சேர்த்துவைக்கும் பொதுக் களஞ்சியம் ஒன்று உண்டு; கணிப்பொறி பாடம் கற்றதும் அங்கிருந்துதான். அங்கே வடிவங்களுக்கு வழங்கும் பரிசோதனை அறிக்கையில், எத்தனை கண்ணிகள் எல்லைக்கு வெளியே விழுந்தன என்று கூறும் வரி ஒன்று வரும். அந்த வரியில் இராமச்சந்திரன் என்னும் பெயர் அச்சாகியிருக்கும்.